பேசச் சொல்வதும் பேச விடுவதும்: உளவடு மருத்துவத்தின் மாறும் போக்குகள்

போர், பேரிடர், விபத்து, பாலியல் வன்முறை ஆகியவற்றில் சிக்கி உயிர் தப்பியவர்களின் உள்ளத்தில் நெடுங்காலம் ஆறாமல் நிற்கும் பாதிப்பை இலங்கைத் தமிழ் மருத்துவ எழுத்துகள் உளவடு என்றும் மனவடு என்றும் குறிப்பிடுகின்றன. இப்பாதிப்புக்கு உள்ளானவர் நடந்ததைப் பேச வேண்டுமா, மறக்க முயல வேண்டுமா, பேசுவதாயின் எப்போது, யாரிடம், யாருடைய விருப்பத்தின் பேரில் பேச வேண்டும் என்ற கேள்விகளுக்கு மருத்துவ உலகம் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகளை அளித்து வந்துள்ளது. அவ்விடைகளைத் தொடர்ந்து நோக்கினால், சிகிச்சையின் வேகத்தை முடிவு செய்யும் உரிமை மருத்துவரிடமிருந்து சிறிது சிறிதாகப் பாதிக்கப்பட்டவரிடம் வந்து சேர்ந்திருப்பது புலப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் இரயில் விபத்துகள் பெருகியபோது, வெளிக்காயம் ஏதுமின்றித் தப்பிய பயணிகள் பலர் உறக்கமின்மை, நடுக்கம், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றால் அவதிப்பட்டனர். மோதலின் உலுக்கலால் முதுகுத்தண்டில் ஏற்பட்ட சேதமே இதற்குக் காரணம் என்று லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன் 1866-ல் வெளியிட்ட நூலில் கருதினார். இழப்பீட்டு வழக்குகளில் இரயில்வே நிறுவனங்களின் சார்பில் நின்ற மருத்துவர்களோ, இவை அச்சத்தின் விளைவுகள் என்றும் சில வேளைகளில் பணத்துக்கான பாசாங்கு என்றும் வாதிட்டனர். காயம் கண்ணுக்குத் தெரியாதபோது நோயாளியின் சொல்லை நம்பலாமா என்ற ஐயம் இத்துறையின் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டது.

முதல் உலகப் போர் அந்த ஐயத்தை மேலும் கொடியதாக்கியது. பதுங்குகுழிகளில் கிடந்த வீரர்கள் பேச்சிழந்தும் கைகால் நடுங்கியும் மருத்துவமனைகளுக்கு வந்தபோது, சார்லஸ் மையர்ஸ் 1915-ல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையின் வழியாக 'ஷெல் ஷாக்', அதாவது எறிகுண்டு அதிர்ச்சி, என்ற பெயர் மருத்துவ வழக்கில் பரவியது. ஆயினும் படையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் தரப்பில் சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்களுள் சிலரேனும் இந்நோய்க்கு ஆளானவர்களாக இருந்திருப்பர் என்ற வாதம் வலுப்பெற்று, அவர்களுக்கு அரசு மன்னிப்பு வழங்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் லூயிஸ் யெல்லண்ட், பேச்சிழந்த வீரர் ஒருவரின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சி, குரல் திரும்பும்வரை அறையை விட்டு வெளியேற விடாமல் வைத்திருந்ததைத் தமது நூலிலேயே வெற்றியாகப் பதிவு செய்தார்.

அதே காலத்தில் எடின்பரோ அருகிலிருந்த கிரெய்க்லாக்கார்ட் இராணுவ மருத்துவமனையில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் வேறொரு வழியைக் கையாண்டார். இவர் நீலகிரியில் கள ஆய்வு செய்து, தோடர் இன மக்களைப் பற்றி 1906-ல் விரிவான நூல் வெளியிட்ட மானிடவியலாளரும் ஆவார். நினைவுகளை அடக்கி வைக்குமாறு உறவினரும் மருத்துவரும் கூறும் அறிவுரையே பல வீரர்களின் நோயை வளர்க்கிறது என்று 1917 இறுதியில் ஆற்றிய உரையில் அவர் எடுத்துக்காட்டினார். குண்டுவீச்சில் சிதறிக் கிடந்த நண்பரின் உடலை இரவுதோறும் கனவில் கண்டு நடுங்கிய ஓர் அதிகாரியிடம், உடல் அவ்வாறு சிதைந்ததே அந்த நண்பர் வேதனையின்றி நொடிப்பொழுதில் இறந்தார் என்பதற்குச் சான்று என்று அவர் எடுத்துக் கூறிய பின், அக்கனவின் கொடூரம் தணிந்தது. நினைவை அழிக்காமல் அதன் பொருளை மாற்றுவது என்ற இக்கருத்து பல பத்தாண்டுகளுக்குப் பின் ஆய்வுகளின் துணையுடன் மீண்டும் எழுந்தது. எனினும் ஆறுதலுக்கு இடமே தராத நினைவுகளும் உண்டென்பதை ரிவர்ஸ் அப்போதே ஒப்புக்கொண்டிருந்தார்.

போர் முடிந்ததும் இவ்வறிவு பெரும்பாலும் மறக்கப்பட்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் தாமாகவே குழுக்களாகக் கூடிப் பேசத் தொடங்கியதும், பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களிடமும் அதே அறிகுறிகள் இருப்பதை ஆன் பர்ஜெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் ஆகியோர் 1974-ல் எடுத்துக்காட்டியதும் சேர்ந்து, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் 'பி.டி.எஸ்.டி.' இடம்பெற வழிவகுத்தன. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடிக் கோளாறு எனப்படும் இந்நோயில், நிகழ்வு கனவாகவும் கண்முன் தோன்றும் காட்சியாகவும் திரும்பத் திரும்ப வருதல், அதை நினைவூட்டும் அனைத்தையும் தவிர்த்தல், எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்துப் பதற்றத்துடன் இருத்தல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடிக்கும். இத்தகைய நிகழ்வுகள் மனித அனுபவத்தின் வழக்கமான எல்லைக்கு அப்பாற்பட்டவை என்று அப்பட்டியல் கூறியதை, பெண்கள் மீதான வன்முறை அன்றாட நடப்பாகவே இருக்கிறது என்று சுட்டி ஜூடித் ஹெர்மன் மறுத்தார். முதலில் பாதுகாப்பு, அதன்பின் நினைவுகூர்தலும் துக்கித்தலும், இறுதியில் பிறருடன் மீண்டும் இணைதல் என்று மூன்று படிகளாக மீட்சியை வகுத்த அவருடைய நூல் 1992-ல் வெளிவந்தது.

இன்று சான்று வலுவாக உள்ள சிகிச்சைகள் பெரும்பாலும் நினைவை நேரடியாக அணுகுகின்றன. எட்னா ஃபோவா வகுத்த முறையில், பாதிக்கப்பட்டவர் பாதுகாப்பான சூழலில் நிகழ்வைப் பலமுறை விவரிக்கிறார். தவிர்க்கும்வரை அச்சம் தன் தவறான கணிப்பைத் திருத்திக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது என்பதும், நினைவு வேறு, ஆபத்து வேறு என்பதை மீளுரைத்தல் உணர்த்தும் என்பதும் அதன் அடிப்படை. பட்ரீசியா ரெசிக்கின் முறை, 'எல்லாம் என் தவறே' போன்ற முடிவுகளை ஆராய்ந்து திருத்துகிறது. பிரான்சின் ஷாப்பிரோ 1989-ல் அறிமுகப்படுத்திய முறையில் கண்களை இடவலமாக அசைத்தவாறு நினைவு மீட்கப்படுகிறது, ஆயினும் அக்கண்ணசைவு உண்மையில் தேவைதானா என்ற விவாதம் ஓயவில்லை.

பேசுவது நல்லது என்பதால் எவ்வளவு விரைவில் பேச வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணமும் இடையில் பரவியது. ஜெஃப்ரி மிட்செல் 1983-ல் மீட்புப் பணியாளர்களுக்காக வகுத்த குழு உரையாடல் முறை, நிகழ்வு நடந்த சில நாள்களுக்குள் ஒரே அமர்வில் அனைத்தையும் கொட்டித் தீர்க்கும் முறையாக உலகெங்கும் பேரிடர்க் களங்களில் பின்பற்றப்பட்டது. ஆனால் தீக்காயமுற்றோரிடையே இத்தகைய ஓர் அமர்வின் பயனைச் சோதித்து 1997-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், 13 மாதங்களுக்குப் பின் அமர்வில் பங்கேற்றோரில் 26 விழுக்காட்டினருக்கும் பங்கேற்காதோரில் 9 விழுக்காட்டினருக்கும் இக்கோளாறு இருந்தது. முதற்குழுவினரின் காயங்கள் தொடக்கத்திலேயே கடுமையாக இருந்தன என்பதைக் கணக்கில் கொண்டாலும், அமர்வு பயன் தந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பிற ஆய்வுகளும் இதையொட்டியே அமைந்ததால், உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, உணவு, உறைவிடம், உறவினர் பற்றிய செய்தி ஆகிய தேவைகளைக் கவனித்து, பேச விரும்புவோருக்கு மட்டும் செவிகொடுக்குமாறு வலியுறுத்துகிறது. பேரதிர்ச்சி தரும் நிகழ்வை உலக மக்களில் சுமார் 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் சந்திப்பதாகவும், அவர்களுள் சிறுபான்மையினருக்கே இக்கோளாறு ஏற்படுவதாகவும் அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பெரும்பாலோர் உற்றார் துணையுடன் தாமாகவே மீள்கின்றனர்.

உற்றாரே சிதறிப்போன இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வியை ஈழத்துப் போர் எழுப்பியது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனிதரின் நோயாக மட்டும் உளவடுவைக் காணும் மேலைநாட்டுப் பார்வை போதாது என்றும், இடப்பெயர்வும் காணாமற்போதலும் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே குலைத்துவிட்டதால் அதைக் கூட்டு உளவடு எனக் கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். காணாமலாக்கப்பட்டவருக்கு ஈமச்சடங்கு செய்யவும் இயலாமல், வருவார் என்று நம்பவும் இயலாமல் தவிக்கும் குடும்பத்துக்கு மருத்துவமனை அறையில் நடைபெறும் உரையாடல் மட்டும் ஈடாகாது. ஆகவே ஆசிரியர், ஊர்ப் பணியாளர் ஆகியோருக்கு உளவளத்துணைப் பயிற்சி அளிப்பதும், சடங்கு, வழிபாடு, மூச்சுப்பயிற்சி போன்ற பழகிய வழிகளைப் பயன்படுத்துவதும் அங்கே முதன்மை பெற்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 சிறுவர்களிடையே நடைபெற்ற ஆய்வில், வாழ்க்கைக் கதையை எடுத்துரைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 81 விழுக்காட்டினரும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினரும் ஆறு மாதங்களில் நலமடைந்திருந்தனர். சிறிய ஆய்வேயாயினும், பேசியே தீர வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் பொருந்தாது என்பதை அது உணர்த்துகிறது.

மருந்துகளின் வழியிலும் தேடல் தொடர்கிறது, எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளின் துணையுடன் அளிக்கப்படும் உளச்சிகிச்சையை ஆஸ்திரேலியா 2023-ல் கட்டுப்பாடுகளுடன் அனுமதித்தது, அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்போ 2024-ல் அதை ஏற்க மறுத்தது. எந்த முறை வெற்றி பெற்றாலும், யெல்லண்டின் பூட்டிய அறைக்கும் கட்டாயக் குழு அமர்வுக்கும் பொதுவாக இருந்த பிழையை அது தவிர்த்தாக வேண்டும். உளவடுவை உண்டாக்கும் நிகழ்வுகள் அனைத்திலும் மனிதர் முதலில் இழப்பது தம்மைப் பற்றித் தாமே முடிவு செய்யும் ஆற்றலை என்பதால், பேசுவதற்கும் மௌனம் காப்பதற்கும் உரிய முடிவை அவரிடமே திருப்பித் தருவது சிகிச்சைக்கான முன்னேற்பாடு அன்று. அதுவே சிகிச்சையின் முதற்பகுதி.