தெளிப்பானில் திரும்பி வரும் திரவம்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் பாலாற்றின் குறுக்கே அமைந்துள்ள பேத்தமங்களா ஏரி, தங்கவயல் நகருக்குக் குடிநீர் வழங்கிய நீர்நிலையாகும். இம்மாவட்டத்தில் தக்காளியும் மல்பெரியும் முக்கியப் பயிர்கள். தக்காளிக்குப் பூச்சிகொல்லியும் பூசணக்கொல்லியும் தேவைப்படுகின்றன. அதே மருந்து காற்றில் பறந்து மல்பெரி இலையில் படிந்தால் பட்டுப்புழு மடியும். நீரில் கலந்தால் மீனுக்கும் மனிதருக்கும் தீங்கு நேரும். எனவே, தெளிப்பானுக்குள் திரவம் செல்லும் வழியை அறிந்துகொள்வது இன்றியமையாததாகும்.

முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பானில் இவ்வழி எளியது. நெம்புகோலை இயக்கும்போது உந்துதண்டு கலத்திலுள்ள திரவத்தை உறிஞ்சி, அழுத்தக் கலனுக்குள் தள்ளுகிறது. சென்ற திரவம் பின்வாங்காதவாறு ஒருவழி வால்வுகள் தடுக்கின்றன. அழுத்தக் கலனில் சிக்கிய காற்று சுருங்கி, திரவத்தைச் சீராகக் குழாய்க்கு அனுப்புகிறது. முனையில் அது நுண்துளிகளாகச் சிதறுகிறது.

விசைத்தெளிப்பானிலோ திரவம் சுற்றி வருகிறது. பீப்பாயிலிருந்து வடிகட்டி வழியாகப் பம்புக்கும், அங்கிருந்து அழுத்தச் சீராக்கிக்கும் செல்கிறது. முனைக்கு வேண்டிய அளவு போக, எஞ்சியது மீள்குழாய் வழியாகப் பீப்பாய்க்கே திரும்புகிறது. இதனை வீண்செயல் எனக் கருதுவது தவறு. திரும்பும் நீரோட்டமே கலவையை இடையறாது கலக்கிவிடுகிறது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். லிட்டருக்கு 2 கிராம் வீதம் 200 லிட்டர் நீரில் 400 கிராம் நனையும் தூள் இடப்படுகிறது எனக் கொள்வோம். இத்தூள் நீரில் கரைவதில்லை, மிதந்து நிற்கிறது. கலக்கல் நின்றால் அடியில் படியும். பம்பு அடியிலிருந்தே உறிஞ்சுவதால், முதல் வரிசைச் செடிகளுக்கு மிகையான மருந்தும் கடைசி வரிசைக்கு வெறும் நீருமே கிட்டும். முன்னதில் இலை கருகும், காயில் நஞ்சு எஞ்சும். பின்னதில் நோய் நீங்காது. உழவரோ மருந்து பயனற்றது எனக் கருதி, மறுமுறை அளவைக் கூட்டுகிறார். செலவு பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். மீள்குழாயின் நுனி திரவத்தில் மூழ்கி, பீப்பாயின் அடிவரை எட்டுவதே இதற்குரிய எளிய தீர்வு.

அழுத்தத்தைக் கூட்டினால் வேலை விரைவில் முடியும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. ஆனால், அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால்தான் முனையின் வெளிப்போக்கு இருமடங்காகும். துளிகளோ மேலும் நுண்ணியவாகி, காற்றில் அயல் நிலத்துக்குப் பறக்கும். அதிக நீர் தேவையெனில் அதற்கேற்ற முனையை மாற்றுவதே முறை.

பணி முடிந்த பின்னும் பம்பிலும் குழாய்களிலும் திரவம் தங்குகிறது. தூய நீரை மும்முறை உள்ளே செலுத்தி, அந்நீரை அதே பயிரின்மீதே தெளித்துவிட வேண்டும். ஏரிக்கரையிலோ கிணற்றடியிலோ கருவியைக் கழுவலாகாது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் மருந்தின் தயாரிப்பையும் விற்பனையையும் முறைப்படுத்துகிறது. வயலில் அம்மருந்து எங்கே சென்று சேர்கிறது என்பதோ கருவியைக் கையாள்பவரைப் பொறுத்தது. ஆதலால், பயிற்சி முகாம்களில் மருந்தின் பெயரும் அளவும் கற்பிக்கப்படுவதோடு, தெளிப்பானைக் கழற்றிக் காட்டி அதன் நீரோட்டத்தையும் விளக்குதல் வேண்டும்.