தரச் சான்றும் விலையும்

பழனி மலையில் குறிஞ்சி பூத்த 2006-ம் ஆண்டில், இந்திய அஞ்சல் துறை குறிஞ்சிப் பூவுக்கு ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது. உங்கள் ஆல்பத்தில் அது இருந்தால், இந்தத் தகவல் உங்களுக்குத்தான்.

சேகரிப்புப் பொருளின் விலையை அரிதாகக் கிடைப்பது, வாங்குவோரின் ஆர்வம், பொருளின் நிலை ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. நிலையை அளப்பதுதான் தரச் சான்று. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் சேகரிக்கப்படும் பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகளின் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து, வல்லுநர்கள் 10-க்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடிவிடுகிறார்கள். 9.5 மதிப்பெண் பெற்ற, பேஸ்பால் வீரர் மிக்கி மான்டிலின் 1952-ம் ஆண்டு அட்டை, 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

ஆனால் மதிப்பெண் மட்டுமே விலையாகிவிடாது. 1856-ல் வந்த பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் அஞ்சல் தலையின் நான்கு மூலைகளும் வெட்டுப்பட்டவை. உலகில் அது ஒன்றுதான் இருக்கிறது என்பதால், 2021-ல் சுமார் 83 லட்சம் டாலருக்கு விற்றது. ஏராளமாக அச்சான தலைக்கோ, சான்றுக் கட்டணமே விலையை மிஞ்சிவிடும்.

அஞ்சல் தலைக்குப் பல்விளிம்பும் பின்பக்கப் பசையும் முக்கியம். கொடைக்கானல் போன்ற மலையூர்களின் ஈரக்காற்றில் பசை ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளிகள் விழும். ஆகவே ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள். அருகில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும். தலையைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம்.