உறையும் சமையலறை – 11: உப்புப் பீப்பாயின் அடியில்

ஃப்ரீசர் பர்ன் பற்றிப் போன வாரமே பேசியாயிற்று. இறைச்சி வெளிறிக் காய்வது, ஐஸ் தண்ணீராகாமல் நேரே ஆவியாவது, கவருக்குள் காற்று இல்லாவிட்டால் அந்தத் தொல்லை குறைவது. முன்கதை இவ்வளவுதான். இந்த வாரம், கவரிலிருந்து காற்றை உறிஞ்சி மூடும் வாக்குவம் சீலருக்கான கவர் ரகங்களும் காய்கறிப் பட்டியலும் வருவதாக அறிவித்திருந்தோம். அதற்குள் பெல்ஜியத்து கிராமம் ஒன்று குறுக்கே வந்துவிட்டது.

ஊர் பெயர் எல்ஸெல். 1895 டிசம்பர் 14 அன்று அங்கே ஒரு முதியவரின் இறுதிச் சடங்கு. ஊர் பாண்டு வாத்தியக் குழு வாசித்து முடித்துச் சாப்பிட உட்கார்ந்தது. உப்புநீரில் போட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடையை, ஹாம் என்பார்களே, அதைச் சமைக்காமல் அப்படியே சீவிப் பரிமாறினார்கள். மறுநாள் தொடங்கியது வினை. பார்த்ததெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இமைகள் தாமாகச் சரிந்தன. வாய் வறண்டது, எச்சில்கூட விழுங்க முடியவில்லை, பேச்சு குழறியது. காய்ச்சல் இல்லை, நினைவும் தப்பவில்லை. மூன்று பேர் இறந்துபோனார்கள்.

விசாரணைக்கு வந்தவர் கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம். கிருமி ஆய்வின் முன்னோடி ராபர்ட் கோக்கிடம் பாடம் படித்தவர். மிஞ்சியிருந்த ஹாமை ஆய்வுக்கூடத்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் அதே முடக்கம். ஹாமிலிருந்தும் இறந்தவர் ஒருவரின் மண்ணீரலிலிருந்தும் ஒரே கிருமியைப் பிரித்தெடுத்தார். 1897இல் அதை விவரித்து எழுதினார். இன்று கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று பாடப்புத்தகங்களில் இருப்பது அதுதான்.

அவர் இன்னொன்றையும் கவனித்தார். இந்த வாரத்துப் பக்கங்களைத் தின்றது அந்தத் தகவல்தான். அதே பன்றியின் வேறு பாகங்களைச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே பன்றி, அதே வீடு, அதே பீப்பாய். மற்றவை மேலே கிடந்தன; விஷமேறிய தொடையோ பீப்பாயின் அடியில், உப்புநீருக்குள் மூழ்கிக் கிடந்தது. காற்றுப் படாத இடம். கொலையாளிக்குத் தேவைப்பட்டதும் அதுதான். மற்ற உயிர்களுக்கு மூச்சு தரும் ஆக்சிஜன் இந்தக் கிருமிக்கு ஆகாது.

எல்ஸெல் பற்றி இன்னொரு சேதி. அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் ஹெர்க்யூல் போய்ரோ தங்கள் ஊரில்தான் பிறந்தார் என்று அந்த ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ்கூட வைத்திருக்கிறார்கள். கற்பனை ஆளுக்கு இத்தனை மரியாதை. அதே ஊரில் நிஜமாகவே துப்பறிந்த வான் எர்மெங்கெமை வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? எழுத்துலகம் அவர் குடும்பத்தை அடியோடு மறந்துவிடவில்லை என்பது ஓர் ஆறுதல்: பெல்ஜிய நாவலாசிரியர் ஃப்ரான்ஸ் ஹெலன்ஸ் அவருடைய மகன்தான்.

காற்றில்லாமைதான் காரணம் என்ற சந்தேகம் வான் எர்மெங்கெமுக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே ஒருவருக்கு வந்திருந்தது. ஜெர்மனியின் யுஸ்டினுஸ் கெர்னர், அரசு மருத்துவர், கவிஞரும்கூட. கெட்டுப்போன சாசேஜ் தின்று முடங்கியவர்களின் குறிப்புகளைச் சேர்த்து 1820இலும் 1822இலும் நூல்கள் வெளியிட்டார். அந்த விஷத்தைத் தன் நாக்கிலேயே வைத்துச் சோதித்தவர் அவர். கிருமியால் நோய் வரும் என்ற கருத்தே வேரூன்றாத காலத்தில், காற்றுப் புகாத சாசேஜுக்குள்தான் விஷம் உண்டாகிறது என்று ஊகித்துவிட்டார். அவர் கவிதைகளுக்கு ஷூமான் இசையமைத்தது தனிக்கதை; அதைத் தொட்டால் இந்த வாரமும் போய்விடும்.

இனி சமையலறைக்கு. வாக்குவம் சீலர் உருவாக்குவது அந்தப் பீப்பாயின் அடிப்பகுதியைத்தான். கடைக்காரர் அட்டைப் பெட்டியைக் காட்டி ‘ஐந்து மடங்கு நாள் தாங்கும்’ என்று சொல்லும்போது, எங்கே வைத்தால் என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் பேச்சுக்கே இடமில்லை. மைனஸ் 18 டிகிரியில் எந்தக் கிருமியும் பெருகாது. சாகவும் சாகாது, முடங்கிக் கிடக்கும். சமையல் மேடையில் வைத்தால்? மீன் குழம்பைச் சுடச்சுட சீல் செய்து அலமாரியில் அடுக்கியவர்கள் உண்டு. கொதித்த குழம்பில் என்ன இருந்துவிடப் போகிறது என்பது அவர்கள் வாதம். இந்தக் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. அவற்றைக் கொல்ல 121 டிகிரி வெப்பம் மூன்று நிமிடமாவது உணவின் நடுப்பகுதி வரை எட்ட வேண்டும்.

கடையில் விற்கும் ‘ரெடி டு ஈட்’ பாக்கெட் ஃப்ரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்பது அதனால்தான். அது சீல் செய்த பிறகு ரிட்டார்ட் என்ற அழுத்தக் கலனில் வெந்து வருகிறது. மைசூரில் இருக்கும் பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சி ஆய்வகம் இந்தத் தொழில்நுட்பத்தில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. வீட்டு சீலரில் வரும் பாக்கெட்டும் பார்வைக்கு அதே மாதிரி விறைப்பாக, பளபளப்பாக இருக்கும். ஆபத்தே இந்த ஒற்றுமைதான். உள்ளே இருப்பது சாதாரணக் குழம்பு.

மூக்கையும் நம்ப முடியாது. வழக்கமாகச் சாப்பாட்டை ஊசவைத்து நாற்றம் கிளப்பும் கிருமிகளில் பல காற்று வேண்டுபவை. காற்றை உறிஞ்சியதும் அவை அடங்கிவிடும். கூடவே எச்சரிக்கை மணியும் நின்றுவிடும். பாட்டுலினம் விஷம் உள்ளே இருந்தும் வாசனை, நிறம், ருசி எதுவும் மாறாமல் இருக்கக்கூடும்.

1985இல் கனடாவின் வான்கூவரில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும். ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த விஷத்துக்கு ஆளானார்கள். சிலருக்கு முதலில் மனநோய் என்றுகூட மருத்துவர்கள் எண்ணினார்கள். கடைசியில் பிடிபட்டது எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு. ஃப்ரிட்ஜில் வைக்கவும் என்று லேபிளிலேயே இருந்தும் வெளியில் வைத்திருந்தார்கள். பூண்டு மண்ணுக்குள் விளைவது, கிருமியின் வித்துகள் இருப்பதும் மண்ணில், எண்ணெய் காற்றைத் தடுத்துவிட்டது. பூண்டை உரித்து வாக்குவம் கவரில் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் செருகி வைப்பதை யோசனையாகச் சொல்லும் வீடியோக்களைப் பார்க்கும்போது அடிவயிறு கலங்குகிறது. பச்சைப் பூண்டு, காளான், மென்மையான பாலாடைக்கட்டி மூன்றும் இந்த இயந்திரத்துக்கு ஆகாதவை.

மீனுக்குத் தனி விதி. நன்னீர், கடல் மீன்களில் காணப்படும் ‘ஈ’ வகை பாட்டுலினம் 3.3 டிகிரி வரை வளரக்கூடியது. வீட்டு ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரியில் ஓடினால் நல்ல ஃப்ரிட்ஜ் என்கிறோம். ஆகவே வஞ்சிரத் துண்டுகளை வாக்குவம் செய்து உறைய வைத்தவர்கள், உருக்குவதற்காக ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றும்போது முதலில் கவரை வெட்டித் திறந்துவிட வேண்டும். கத்தரிக்கோலால் ஒரு ஓரத்தை நறுக்கினால் போதும், காற்று உள்ளே போய்விடும். அமெரிக்காவில் பல உறைமீன் பாக்கெட்டுகளின் பின்னால் இந்த அறிவுரையைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

பயமுறுத்தியது போதும். பொடிகளுக்கு இந்தக் கவலையே வேண்டாம். சாம்பார் பொடி, இட்லி மிளகாய்ப்பொடி, நன்றாகக் காய்ந்த உப்புக் கருவாடு: ஈரம் இல்லாத இடத்தில் இந்தக் கிருமி தலையெடுக்காது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டும் வீடுகளில் சீலர் சம்பாதித்திருக்கும் நல்ல பெயர் நியாயமானதுதான். கருவாட்டு வாசனை சட்டைகளில் ஏறாமல் இருப்பதற்கே அதற்கு ஒரு மாலை போடலாம்.

ஃப்ரீசருக்குப் போகிறவற்றில் வரிசை முக்கியம். ஈரமானது, மெத்தென்றது எதுவும் முதலில் உறைய வேண்டும், பிறகுதான் உறிஞ்ச வேண்டும். காரணம் கணக்கில் இருக்கிறது. நம் தலைக்கு மேல் உள்ள காற்று ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 1 கிலோ எடையாக அழுத்துகிறது. கவருக்குள் இருக்கும் காற்றில் முக்கால்வாசி போனாலே, 20க்கு 25 சென்டிமீட்டர் கவரின் ஒரு பக்கத்தில் 350 கிலோவுக்கு மேல் பாரம் ஏறுகிறது. இயந்திரம் அழுத்துவதில்லை, வெளியில் இருக்கும் வானம் அழுத்துகிறது. சூடு ஆறிய இட்லியை நேராக உள்ளே போட்டால் அப்பளமாக வெளியே வரும். தட்டில் பரப்பி இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் கல்லாக்கிவிட்டு உறிஞ்சினால் அசையாது. குழம்பையும் அப்படித்தான்: சதுர டப்பாவில் ஊற்றி உறையவைத்து, கட்டியைத் தட்டி எடுத்துக் கவருக்கு மாற்றலாம். திரவமாக ஊற்றினால் மோட்டார் முதலில் உறிஞ்சுவது குழம்பைத்தான்.

சீல் பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் கவரின் வாயில் ஒட்டிய எண்ணெய்தான் காரணம். நிரப்பும்போது வாயைக் கொஞ்சம் வெளிப்பக்கம் மடித்துவிட்டு, நிரப்பி முடித்ததும் நிமிர்த்தினால் விளிம்பு சுத்தமாக இருக்கும். சூடான கம்பி பட்டு உருகிய கோடு சுருக்கமில்லாமல் கண்ணாடி போல் தெரிய வேண்டும். ஒரு மடிப்பு விழுந்திருந்தாலும் மறுநாள் காலையில் கவர் தொளதொளவென்று கிடக்கும். நண்டு ஓடும் எலும்பு முனையும் கவரைக் குத்தும். இரண்டு மடிப்பு டிஷ்யூ சுற்றிவிட்டால் சரி.

மின்வெட்டு? நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். அதற்குள் உருகிவிட்ட வாக்குவம் பாக்கெட் இனி ஃப்ரிட்ஜ் சாப்பாடு. சீல் அப்படியே இருக்கிறதே என்று கூடுதல் சலுகை கிடையாது.

கவர் ரகங்களுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. வைத்திருப்பவர்கள் அதற்குள் ஒன்றைக் கையில் எடுத்து விரலை ஓட்டிப் பார்க்கலாம்: ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் கட்டம் கட்டமாகச் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பு இல்லாவிட்டால் வீட்டு சீலர் என்ற பொருளே இல்லை. அதன் பின்னால் ஹான்ஸ் கிறிஸ்டன் என்பவரின் காப்புரிமையும், அமெரிக்காவில் நடந்த வழக்குகளும் இருக்கின்றன. அடுத்த இதழில் அவர்தான். காய்கறிப் பட்டியலும் அங்கேதான் வரும். இந்த வாரமே பீன்ஸ் வாங்கி வைத்துவிட்டவர்கள் மட்டும் அதைப் பச்சையாகக் கவரில் போட வேண்டாம், கொதிநீரில் மூன்று நிமிடம் விட்டு, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, ஈரம் துடைத்துப் போடுங்கள்.

(தொடரும்)