பரிசேயர் என்னும் கோப்பி

விருந்துண்டபின் அருந்துவதற்கென மேல்நாட்டார் வகுத்த பானங்கள் பல. அவற்றுள் ஒன்றின் பெயர் 'பரிசேயர்'. சுவிசேஷம் படித்த நேயர்கள் இப்பெயரைக் கேட்டதும் புன்முறுவல் செய்வர். புறத்தே நீதிமானாகத் தோன்றி அகத்தே வேறாயிருப்பவனைப் பரிசேயன் என்று ஏசுதல் ஐரோப்பியர் வழக்கு. (யூதருள் கல்வியிற் சிறந்த ஒரு கூட்டத்தாரின் பெயர் இவ்வாறு வசைச்சொல்லானது நீதியோ என்பது வேறு கேள்வி.) அப்பெயர் ஒரு கிண்ணக் கோப்பிக்கு வந்த கதை சுவையானது.

ஜேர்மனியின் வடகோடியில், வடகடலோரத்தில் உள்ளது நோர்ட்ஸ்ட்ராண்ட். 1634இல் எழுந்த கடற்பெருக்கு ஒரு பெருந்தீவைச் சிதைத்தபோது எஞ்சிய துண்டுகளுள் ஒன்று அது. இன்று நிலத்தோடு இணைந்துவிட்டது. அங்கே 1872இல் பேற்றர் யோகான்சன் என்னும் கமக்காரர் வீட்டில் ஞானஸ்நான விருந்தொன்று நடந்ததென்பது கர்ணபரம்பரை. போதகர் கெயோர்க் பிளையர் மதுவை அறவே வெறுத்தவர். அவர் எதிரே மது அருந்த எவருக்கும் துணிவில்லை. ஆகவே வீட்டார் ஓர் உபாயஞ் செய்தனர். கோப்பியில் றம்மை வார்த்து, அதன்மேல் நுரைத்த பாலேட்டைப் போர்த்தனர். போதகருக்கு மட்டும் றம் இல்லாத கிண்ணம். நேரஞ் செல்லச் செல்ல விருந்தினர் முகங்கள் சிவந்தன, சிரிப்பும் ஓங்கிற்று. ஈற்றில் எவர் கையோ தவறிப் போதகரிடம் வேறு கிண்ணம் சேர்ந்தது. ஒரு மிடறு பருகியவர், "ஐயோ, பரிசேயர்களே!" என்று கூவினாராம்.

பிள்ளைகளோடு பழகும் ஆசிரியராகிய நமக்கு இது வியப்பன்று. கண்டிப்பு மிகுந்த வகுப்பில் ஒளிப்பும் மிகும்.

உபாயத்தில் பௌதிகமும் உண்டு. மதுசாரம் 78 பாகை சென்ரிகிறேட்டிலேயே கொதிப்பது. சூடான கோப்பியிலிருந்து அதன் ஆவி விரைந்தெழுந்து மணத்தைப் பரப்பும். குளிர்ந்த பாலேடு மூடிபோல நின்று அதனைத் தடுக்கிறது. கொழுப்பு மிகுந்த பாலேடு இலேசானது. சீனி கரைந்த கோப்பியோ அடர்த்தி கூடியது. ஆதலால் ஒன்று மற்றதன்மேல் மிதக்கும். கடுங்கோப்பி, சீனி, 4 சென்ரிலீற்றர் றம், மேலே பாலேடு: இதுவே முறை. கரண்டியாற் கலக்கலாகாது, குளிர்ந்த பாலேட்டினூடே சூடான கோப்பியை உறிஞ்சவேண்டும். கலக்கியவர் சபையோர் அனைவருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுக்கவேண்டும் என்பது அவ்வூர் விளையாட்டு விதி.

பனிக்காற்று வீசும் அக்கரையில் கரும்பு ஏது? அருகிலுள்ள பிளென்ஸ்பேர்க் துறைமுகம் 1864 வரை டென்மார்க் முடிக்குட்பட்டிருந்தது. டேனியருக்குரிய மேற்கிந்தியத் தீவுகளுக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே அங்கிருந்து கப்பல்கள் சென்றன; சீனியும் றம்மும் ஏற்றி மீண்டன. 1848இல் அடிமைத்தனம் ஒழியும்வரை அத்தீவுகளிற் கரும்பு வெட்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளும் அவர்தம் சந்ததியாருமே. அந்நகர் றம்மினாற் பெற்ற செல்வத்தைப் பேசும்போது இதனையும் பேசுவதே நேர்மை.

இக்கோப்பி நீதிமன்றமும் ஏறியது. கிண்ணத்தில் 2 சென்ரிலீற்றர் றம்மே இருந்ததெனக் கண்ட ஒருவர் பணங்கொடுக்க மறுத்தார். வழக்கு பிளென்ஸ்பேர்க் நீதிமன்றத்துக்குச் சென்றது. அவ்வளவு றம் உண்மையான பரிசேயருக்குப் போதாதென்று 1981இல் தீர்ப்பாயிற்று. போதகர் பிளையருக்கு முதலில் நீட்டப்பட்ட கிண்ணத்தை அந்நீதிபதி கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!