கரிசல் ரோட்டு வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பது எப்படி?

பசுவந்தனை, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது: "டயர் மாத்தி ஒரு வருஷம் ஆகல, உள்பக்கம் தேஞ்சு போச்சு. அலைன்மென்ட் பார்த்தும் வண்டி இடப்பக்கமா இழுக்கு." காசு கொடுத்து, நாலு சக்கரத்திலும் சென்சார் மாட்டி, திரையில் எல்லா எண்ணும் பச்சையாக வந்த பிறகும் ஏன் இழுக்கிறது? பெரும்பாலும், அளவெடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலையை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

வண்டிக்கு முன்னால் ரோட்டைப் பார்த்துவிடுவோம். கரிசல் மண் மழைத் தண்ணீரைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ரோட்டின் நடுப்பகுதியைத் தார் மூடியிருப்பதால் அங்கே அடிமண்ணின் ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. ஓரத்து மண்தான் ஐப்பசி, கார்த்திகையில் ஊறிச் சித்திரையில் காய்கிறது. அதனால்தான் விரிசல் ஓரத்தில் நீளவாக்கில் விழுகிறது. தார் விளிம்பு உடைந்து, பக்கத்து மண் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. கரிசலின் மேல் உப்பாத, ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஏறக்குறைய ஒரு மீட்டர் கனத்துக்குப் பரப்பினால் இந்த உப்பல் அடங்கும் என்று மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.கே. கட்டி ஆராய்ந்து காட்டினார். கிராமத்து ரோடுகள் எல்லாவற்றுக்கும் அப்படிப்பட்ட அடித்தளம் வாய்ப்பதில்லை.

எதிரே பஸ் வந்தால் நாம் இடப்பக்கம் ஒதுங்குகிறோம். இடது முன்சக்கரம் தாரைவிட்டு மண்ணில் இறங்குகிறது, பிறகு விளிம்பில் மோதி ஏறுகிறது. அந்த அடியை, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், அதன் புஷ், பால் ஜாயிண்ட் ஆகியவை வாங்கிக்கொள்கின்றன. ஆகவே இந்தப் பக்கத்து வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இடது முன்பக்கம்.

அலைன்மென்டில் பார்ப்பது மூன்று கோணங்கள். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சக்கரங்களும் நேராகப் போகின்றனவா, உள்ளே திரும்பியிருக்கின்றனவா, வெளியே விரிந்திருக்கின்றனவா என்பது டோ. முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் மேல்பகுதி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். சைக்கிளின் முன் போர்க் சற்றுச் சாய்ந்திருப்பதைப் போல, சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு கேஸ்டர். வளைவில் திருப்பிய ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

டயரை அதிகம் தின்பது டோ. ஒரு சக்கரம் போகும் திசையிலிருந்து அரை டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 9 மீட்டர் அந்த டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 1,000 கி.மீ. ஓடினால் 9 கி.மீ. உரசல். சித்திரை வெயிலில் கொதிக்கும் தாரில் இப்படித் தேய்ந்தால் எந்த டயரும் தாங்காது. கையாலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகவும் பட்டால், டோ கெட்டிருக்கிறது. இரண்டு ஓரமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அது காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். எண்பது, தொண்ணூறு வேகத்தில் ஸ்டியரிங் அதிர்ந்தால் அது பெரும்பாலும் பேலன்ஸிங் கோளாறு, அலைன்மென்ட் அல்ல. நம் ஊரில் அதற்கு முன்பும் ஒன்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் போய்வந்த வண்டியின் ரிம்முக்கு உள்பக்கம் கரிசல் சேறு அப்பிக் காய்ந்து இறுகிவிடும். அந்த ஒரு பக்கத்துக் கனமே சக்கரத்தை ஆட்டப் போதும். பட்டறைக்குப் போகும் முன் ரிம்மின் உள்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

முறையான பட்டறையில் வண்டி வந்ததும் சென்சாரை எடுக்க மாட்டார்கள். நாலு டயரிலும் காற்றைச் சரிபார்ப்பார்கள். வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும், பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். டை ராட் எண்டிலோ பால் ஜாயிண்டிலோ பேரிங்கிலோ ஆட்டம் இருந்தால், அதை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது வீண். நிற்கும்போது ஓர் அளவு, ஓடும்போது வேறோர் அளவு என்று ஆகிவிடும். தேய்ந்த பாகத்தை மாற்றச் சொல்லும் மெக்கானிக் செலவை இழுத்துவிடுகிறார் என்று நினைக்க வேண்டாம். ஆட்டத்தைக் கையால் தொட்டுக் காட்டச் சொன்னால் போதும்.

புதுச்சேரியில் மானடெக் நிறுவனம் தயாரிக்கும் இயந்திரமானாலும் அமெரிக்காவின் ஹண்டர் ஆனாலும், கொடுத்த தகவலுக்கு ஏற்பவே எண்ணைக் காட்டும். திரையில் உங்கள் வண்டியின் சரியான மாடலும் வருடமும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சென்சாரைப் பிடிக்கும் கிளாம்ப்பை மாட்டியதும் சக்கரத்தை உருட்டி, ரிம்மின் நெளிவால் வரும் பிழையை இயந்திரம் கழித்துவிடச் செய்ய வேண்டும். அவசரத்தில் விடுபடும் படி இதுதான். ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டிய பிறகே டை ராடைத் திருக வேண்டும், அதுவும் இரு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் திருகினால் டோ சரியாகும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். பின்சக்கர அளவும் முக்கியம்; பின் அச்சு கோணினால் முன்னால் எவ்வளவு திருகினாலும் வண்டி சற்றுச் சரிந்தே ஓடும்.

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் பட்டறையில் மாற்ற முடிவது முன்பக்க டோ மட்டும்தான். கேம்பர் பெரிதாக மாறியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது என்று பொருள். ஜாக்கியும் சங்கிலியும் போட்டு அதை இழுத்து நிமிர்த்துவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். சக்கரத்தைத் தாங்கும் இரும்பு அது. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இடம் அடுத்த பள்ளத்தில் முறியலாம். எந்தப் பாகம் வளைந்ததோ அதை மாற்றுவதே வழி. குட்டி யானையின் கதை வேறு. டாடா ஏஸின் முன்பக்கம் பிளேட் ஸ்பிரிங்கின் மேல் ஒரே இரும்பு அச்சு. அதில் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் தேய்மானத்தைப் பார்த்துவிட்டு டோவைச் சரிசெய்ய வேண்டும்.

வேலைக்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். டிகிரியா, மினிட்டா என்று பார்த்துப் படியுங்கள். 10 மினிட் என்பது 0.17 டிகிரி, அதையும் 0.10 டிகிரியையும் ஒன்றென்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அடுத்த முறை இடது முன்சக்கரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட இந்தத் தாள் உதவும். 5,000 அல்லது 10,000 கி.மீ.க்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு. கரிசல் ரோட்டில் மழைக்காலம் ஓய்ந்து, பள்ளங்கள் இறுகிய தை மாதத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கடைசியாக, ஓட்டிப் பார்த்த பிறகே பட்டறையிலிருந்து வண்டியைத் திரும்ப வாங்க வேண்டும். மழைநீர் வடிவதற்காக ரோடு ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் வண்டி மெல்ல இடப்பக்கம் நகர்வது இயல்பு. சட்டென்று இழுத்தால்தான் கோளாறு. அப்போதும் தாளில் எண்கள் சரியாக இருந்தால், முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போடச் சொல்லுங்கள். டயரில் ஓடும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது. மாற்றியபின் இழுப்பு வலப்பக்கம் மாறினால் கோளாறு டயரில் இருக்கிறது. டை ராடைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது.