சுடுதண்ணீருக்கும் ஒரு கணக்கு உண்டு

எங்கள் கொட்டகலை கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. மார்கழி, தை மாத விடியலில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும்.

1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2009இல் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு, பிறந்த ஊருக்கே திரும்பினோம். அம்மாவின் முழங்காலில் ஷெல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. குளிர் வந்தால் வலியும் வரும். சுடுதண்ணீர் ஊற்றினால்தான் அவரால் எழுந்து நடக்க முடியும். பல வருடம் மிலாறு பொறுக்கி, அடுப்பூதித்தான் தண்ணீர் காய்ச்சினேன். புகையில் இருமல்தான் மிச்சம்.

என் மகன் ஹோட்டல்களில் குளிரூட்டி திருத்துபவன். ஓரிடத்தில் கழற்றிய சிறிய வெப்பப் பம்பு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்து, 100 லீற்றர் தாங்கியோடு பூட்டினான். "அம்மா, இது குளிர்சாதனப்பெட்டி மாதிரித்தான். அது உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளும். இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும்" என்றான்.

நான் செய்த பிழை, சூட்டை 65 பாகையில் வைத்ததுதான். போதாததற்கு, உள்ளே இருக்கும் மின்கம்பியையும் இரவு பகலாகப் போட்டுவிட்டேன். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியிருந்த நேரம் அது. பட்டியலைப் பார்த்துத் தலையில் கைவைத்தேன். அதைவிடக் கொடுமை, நாலு வயதுப் பேரன் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டான். 20 நிமிடம் ஓடும் பச்சைத் தண்ணீரில் கையைப் பிடித்தேன். பற்பசை எதுவும் பூசாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். நல்ல காலம், தழும்பில்லாமல் ஆறிவிட்டது.

அன்றைக்குத்தான் மகன் என்னை உட்கார வைத்துக் கணக்குச் சொன்னான். 100 லீற்றரை 18 பாகையிலிருந்து 50 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 3.7 அலகு வெப்பம் வேண்டும். மின்கம்பி மட்டும் வேலை செய்தால் அத்தனையும் மின்சாரம். பம்பு நன்றாக ஓடினால், மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். மீதியைக் காற்று தருகிறது. காற்று குளிர்ந்தாலோ, நாம் கேட்கும் சூடு கூடினாலோ அந்த இலாபம் குறையும்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். சூட்டை 50 பாகையில் வைத்திருக்கிறோம். காற்று வெதுவெதுப்பாக இருக்கும் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைதான் பம்பு ஓடும். தாங்கிக்கு நல்ல போர்வை இருப்பதால், விடியும்வரை சூடு நிற்கும். மின்கம்பியை நிறுத்தி வைத்திருக்கிறோம். காற்றுப் போகும் வழியில் துணி காயப்போடுவதில்லை. தகடுகளில் படியும் தூசியை மென்மையான தூரிகையால் தட்டுவோம். பம்பின் அடியில் சொட்டும் தண்ணீர் பெரும்பாலும் காற்றின் ஈரம்தான். ஒழுக்கு என்று பயப்பட வேண்டாம்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் மின்கம்பியைப் போட்டு 60 பாகைக்கு ஏற்றுகிறோம். 20 முதல் 45 பாகை வரையுள்ள தேங்கிய தண்ணீரில் லெஜியனெல்லா என்ற கிருமி பெருகும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்த பலரை நிமோனியா தாக்கிய பிறகுதான் இது கண்டுபிடிக்கப்பட்டது. முதியவர்களுக்கும் நுரையீரல் பலவீனமானவர்களுக்கும் ஆபத்து அதிகம். ஆனால் 60 பாகைத் தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். அதனால் அன்றைக்குப் பிள்ளைகளைக் குழாய்ப் பக்கம் விடுவதில்லை.

உங்கள் வீட்டில் அடுப்பும் பானையும் மட்டும் இருந்தாலும் இந்தப் பாடம் பொருந்தும். பானையை மூடிக் காய்ச்சுங்கள்; விறகு மிஞ்சும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளைக்கு ஊற்றுங்கள்.

இன்று காலை அம்மா தானே எழுந்து நடந்துபோய்க் குளித்தார். "அம்மாயி, தண்ணி சுடுதா?" என்று பேரன் வாசலில் நின்று கேட்டான். "அளவாத்தான்யா இருக்கு" என்றார் அம்மா.