ஒரு கரண்டி பால் போதும்!

பால் சொசைட்டிக்கு ஒருவர் 5 லிட்டர் கொண்டுவந்தாலும் சரி, 40 லிட்டர் கேனே கொண்டுவந்தாலும் சரி, சோதனைக்கு எடுப்பது கொஞ்சம் பால்தான். அதை ஜாடியில் ஊற்றி, லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு எண்ணைப் பார்க்கிறார்கள். அந்தத் துளிப் பாலை நம்பி முழுப் பாலுக்கும் விலை போடுவது நியாயமா?

நியாயம்தான். 10 லிட்டர் பாலை இரண்டு பாத்திரங்களில் சரிபாதியாக ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் எடை பாதியாகும், கன அளவு பாதியாகும். ஆனால் 30 டிகிரியில் இருந்த பால் 15 டிகிரி ஆகிவிடாது. அடர்த்தியும் அப்படித்தான். எடையும் கன அளவும் சேர்ந்தே குறைவதால், ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அதே எண்தான் வரும். அளவோடு ஏறி இறங்குபவற்றைப் பொருண்மை சார் பண்புகள் என்றும், அசையாமல் நிற்பவற்றைப் பொருண்மை சாராப் பண்புகள் என்றும் பிளஸ் ஒன் வேதியியல் சொல்கிறது. பெயர்தான் மிரட்டுகிறது, விஷயம் இவ்வளவுதான்.

லாக்டோமீட்டர் காட்டுவது அடர்த்தியை. 30 என்று காட்டினால், பால் தண்ணீரைவிட 1.030 மடங்கு அடர்த்தி. நல்ல பாலில் பொதுவாக 28 முதல் 32 வரை இருக்கும். 30 காட்டும் 40 லிட்டர் பாலில் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றினால், எண் சுமார் 24-க்கு இறங்கிவிடும்.

ஒரு நிபந்தனை உண்டு. பாலை அடிவரை கலக்கிவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். ஆடை மேலே மிதக்கும்போது மேலாக மொண்டால் கொழுப்பு கூடுதலாகவும், அடியிலிருந்து எடுத்தால் குறைவாகவும் தெரியும். கொழுப்பை வைத்தும் விலை போடுவதால், கலக்காமல் எடுக்கும் ஒரு கரண்டி, மாடு வளர்ப்பவரின் வருமானத்திலேயே கைவைத்துவிடும்.

கலப்படக்காரருக்கும் இந்தக் கணக்கு தெரியும். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. அதனால் ஆடையை எடுத்துவிட்டால் எண் உயரும். பிறகு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் எண் பழைய இடத்துக்கே வந்துவிடும். இரண்டு திருட்டு, ஒரே நல்ல எண்! சர்க்கரையோ உப்போ கரைத்தாலும் அடர்த்தி ஏறும். இதனால்தான் அடர்த்தியை மட்டும் நம்புவதில்லை. கொழுப்பு எத்தனை சதவீதம், கொழுப்பல்லாத திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று தனித்தனியே பார்க்கிறார்கள். ஆய்வகத்தில் உறைநிலையையும் பார்ப்பார்கள். பால் சுமார் மைனஸ் அரை டிகிரியில் உறையும். தண்ணீர் சேரச் சேர அது பூஜ்யத்தை நெருங்கும். இவையும் அளவைச் சாராத பண்புகள்தான். ஒன்றை ஏமாற்றலாம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுவது கஷ்டம்.

வீட்டில் சோதிக்க நினைப்பவர்கள் காய்ச்சாத பாலையே பயன்படுத்துங்கள். காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகி, ஆறியபின் எண் கூடுதலாகக் காட்டும். கறந்த சூட்டோடும் போட வேண்டாம். வெதுவெதுப்பான பால் விரிந்திருக்கும், எண் குறையும். தண்ணீரே ஊற்றாத பால்காரர்மேல் வீண்பழி விழும்.